வேலூர்ப் பக்கத்து சிவப்பு நாவாய்ப்பூச்சி: தேட, கவனிக்க, வளர்த்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பங்குனி பிறந்து இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கியதும், மரத்தடியில் வேர்ப்பக்கத்துத் தரை சிவப்பாக நகரும். கிட்டப் போனால் எல்லாம் பூச்சி. குட்டியும் பெரியதும் கலந்து, சில ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு, மண்ணிலும் பட்டையிலும் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்த்த உடனே பலரும் செருப்பால் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் மருந்து வாங்கி வந்து அடிப்பார்கள். மரத்தடியில் கிடக்கும் இந்தக் கூட்டத்துக்கு இரண்டுமே தேவையில்லை. அவை மரத்தைத் தின்னவில்லை. உதிர்ந்த விதையைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. அதே பூச்சி வெண்டைத் தோட்டத்துக்குள் வந்தால் நாம் செய்ய வேண்டியது வேறு. எங்கே விட்டுவிடலாம், எங்கே கை வைக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்க, முதலில் அதன் வாழ்க்கை தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது பைரோகோரிடே என்ற குடும்பம். உலகம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. மூட்டைப்பூச்சி, நெற்கதிரில் பால் உறிஞ்சும் கதிர் நாவாய்ப்பூச்சி எல்லாம் சேர்ந்த பெரிய வரிசையில் இதுவும் ஒரு கிளை. நம் ஊரில் அதிகம் கண்ணில் படுவது டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேப்ரிசியஸ் 1775-லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். வேளாண் புத்தகங்களில் சிவப்புப் பருத்திப் பூச்சி என்று வரும். வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் நெல், நிலக்கடலை, கரும்பு அளவுக்குப் பருத்தி பெரிய பயிர் அல்ல. ஆனாலும் பூச்சி இங்கே நிறையவே இருக்கிறது. காரணம், அது பருத்தியை மட்டும் நம்பி வாழ்வதில்லை.

படி 1: எங்கே, எப்போது தேடுவது

பூச்சியைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள். பருத்திக் குடும்பத்து விதை எங்கே உதிர்கிறதோ அங்கே இது இருக்கும்.

எங்கும் கிடைப்பது பூவரசு. கிணற்றடி, களத்துமேடு, பள்ளிக்கூட வாசல், பாலாற்றங்கரை கிராமங்களின் தெருமுனை என்று பூவரசு இல்லாத ஊரே கிடையாது. அதன் காய் ஆண்டின் பெரும்பகுதி மரத்திலும் தரையிலும் இருக்கும் என்பதால், தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. காய்ந்த காய்களைக் காலால் லேசாகப் புரட்டுங்கள். சருகுக்கு அடியில்தான் குஞ்சுகள் ஒண்டியிருக்கும்.

அடுத்து இலவமரம். பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும்போதுதான் பெரிய கூட்டத்தைப் பார்க்க முடியும். அமிர்தி, ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போகிறவர்கள் முள்ளிலவு மரத்தடியையும் பாருங்கள். மூன்றாவது துத்தி. மழை முடிந்து கார்த்திகை, மார்கழியில் தரிசு நிலத்திலும் ரோட்டோரத்திலும் இடுப்பளவு நிற்கும். சக்கரம் மாதிரி இருக்கும் அதன் காய் பழுத்துக் கறுக்கும்போது, காய்க்குள்ளேயே நாலைந்து குஞ்சுகள் தலையை நுழைத்துக்கொண்டிருக்கும். வெண்டை, புளிச்சக்கீரை இரண்டையும் விதைக்கு விட்ட பாத்தியிலும் பார்க்கலாம்.

வீட்டுச் செம்பருத்தியில் ஒன்றிரண்டு உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். நாம் வளர்க்கும் செம்பருத்தி பெரும்பாலும் காய்ப்பதே இல்லை. விதை இல்லாத இடத்தில் இந்தப் பூச்சி குடும்பம் நடத்தாது.

நேரம் என்று பார்த்தால் காலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை, அப்புறம் சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு. அக்னி நட்சத்திர வெயிலில் மத்தியானம் போனால் பூச்சியும் நிழலுக்குள் போயிருக்கும், உங்களுக்கும் தலை சுற்றும்.

படி 2: இதுதானா என்று உறுதி செய்வது

சிவப்பாக இருப்பதெல்லாம் இந்தக் குடும்பம் ஆகிவிடாது. முதல் மழைக்கு மண்ணிலிருந்து வெல்வெட் துணி மாதிரி வரும் தம்பலப்பூச்சிக்கு எட்டுக் கால். அது பூச்சியே இல்லை, சிலந்தி வகையறா. பொறிவண்டு உருண்டையாக இருக்கும், அதற்கு உறிஞ்சும் ஊசி கிடையாது. இந்த இரண்டையும் எளிதாகத் தள்ளிவிடலாம்.

குழப்பம் எருக்கஞ்செடியில்தான் வரும். அங்கே சிவப்பும் கறுப்புமாக இன்னொரு நாவாய்ப்பூச்சி உட்கார்ந்திருக்கும். அது லைகேயிடே என்ற வேறு குடும்பம். பிரித்தறிய ஒரு பத்து மடங்கு கைலென்ஸ் போதும். தலையின் மேல்பக்கம் பாருங்கள். எருக்குப் பூச்சிக்கு இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே, சற்றுப் பின்னால், கண்ணாடிமணி போல இரண்டு குட்டிக் கண்கள் மின்னும். நம் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு அவை இருக்காது. அடுத்து இறக்கை நுனியில் உள்ள கறுத்த சவ்வு. எருக்குப் பூச்சியின் சவ்வில் நாலைந்து நரம்புதான், கிளை இல்லாமல் ஓடும். நம் பூச்சியின் சவ்வில் நரம்புகள் நிறைய, கிளை விட்டுப் பின்னிக்கொண்டிருக்கும். சவ்வு கறுப்பாக இருப்பதால் இதைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடியுங்கள்.

குடும்பம் உறுதியானதும் இனத்துக்கு வாருங்கள். டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் வரும், சில நேரம் சற்றுக் கூடக் குறைய. தலை சிவப்பு. தலைக்குப் பின்னால் சட்டைக் காலர் வைத்தது போல ஒரு வெள்ளைப் பட்டை. முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி. இறக்கைகளுக்கு நடுவே ஒரு கறுத்த முக்கோணம். அப்புறம் பூச்சியை மெதுவாகப் புரட்டுங்கள். வயிற்றில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிக் குறுக்குப் பட்டைகளாக இருக்கும். போட்டோ எடுக்கிறவர்கள் இந்த அடிப்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அடையாளம் சொல்ல மேல்பக்கத்தை விட இதுதான் அதிகம் உதவும்.

கையில் எடுக்கப் பயம் வேண்டாம். விரலை நறுக்கென்று கடிக்கிற சாதி இல்லை. மிரண்டால் ஒரு நாற்றத்தை விடும், அவ்வளவுதான். கண்ணைத் தொடுவதற்கு முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

படி 3: வாயைப் பாருங்கள்

இந்தப் பூச்சியின் வாழ்க்கையே அதன் வாயில்தான் இருக்கிறது. சும்மா நிற்கும்போது வாய் தெரியாது. தலைக்கு அடியில், கால்களுக்கு நடுவே நான்கு கணுக்கள் கொண்ட ஒரு குழல் மடங்கிக் கிடக்கும். அது வெறும் உறை. உள்ளே தலைமயிரை விட மெல்லிய நான்கு ஊசிகள் இருக்கின்றன. வெளி இரண்டும் துளைப்பதற்கு. உள் இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தி இரண்டு குழாய்களாகின்றன. ஒன்றின் வழியாக எச்சில் உள்ளே போகும், மற்றதன் வழியாக உணவு மேலே வரும்.

ஒரு பூவரசு விதையைப் பூச்சி தின்னும்போது கிட்டே உட்கார்ந்து பாருங்கள். முதலில் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்பால் விதையைத் தட்டித் தடவும். பிறகு குழல் நிமிர்ந்து விதையைத் தொடும். ஊசிகள் உள்ளே இறங்க இறங்க உறை மட்டும் முழங்கை மாதிரி வெளியே மடங்கும். இந்த மடிப்பைப் பார்த்துவிட்டால் ஊசி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். அதன் பிறகு பூச்சி அசையாது. எச்சிலை உள்ளே செலுத்தி, விதைப்பருப்பைக் கரைத்துக் கூழாக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் தொட்டால்கூடச் சட்டென்று ஊசியை உருவிக்கொள்ள முடியாமல் விதையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். தன் உடம்பில் பாதி இருக்கும் விதையை மூக்கில் குத்திக்கொண்டு ஒரு குஞ்சு நடப்பதை, அதன் பின்னாலேயே நாலு குஞ்சுகள் பங்குக்கு வருவதை, இலவமரத்தடியில் சாதாரணமாகப் பார்க்கலாம்.

உறிஞ்சி முடித்த விதையைக் கத்தியால் வெட்டிப் பாருங்கள். வெளித்தோல் அப்படியே இருக்கும், உள்ளே பருப்பு சுருங்கிக் கறுத்துப் போயிருக்கும். அந்த விதை முளைக்காது. பருத்தியில் இதனால்தான் விதையின் எண்ணெயும் முளைப்புத்திறனும் குறைகின்றன.

பருத்திக்கு வரும் பெரிய கேடு இன்னொன்று. பூச்சியின் ஊசியோடு ஒரு பூஞ்சையும் காய்க்குள் போகிறது. ஆஷ்பியா கோசிப்பி என்பது அதன் பெயர். அது வளர்ந்து பஞ்சைப் பழுப்பு மஞ்சளாகக் கறைப்படுத்திவிடும். கறை பட்ட பஞ்சுக்கு விலை போகாது. பஞ்சைக் கெடுக்கும் இதே பூஞ்சை வைட்டமின் பி2-வை அளவுக்கு மீறிச் சுரக்கும் குணம் கொண்டது. அதனால் தொழிற்சாலைகளில் இதையே வளர்த்து அந்த வைட்டமினைத் தயாரிக்கிறார்கள்.

படி 4: முட்டையிலிருந்து இறக்கை வரை

இந்தப் பூச்சிக்குப் புழுப்பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் கிடையாது. முட்டை, குஞ்சு, வளர்ந்த பூச்சி என்று மூன்றே கட்டம். குஞ்சு ஐந்து முறை தோல் உரிக்கும்; ஒரு தோலோடு இருக்கும் காலம் ஒரு பருவம். ஐந்தாவது தோலை உரித்து வெளியே வருவது இறக்கையோடு வரும்.

முட்டைக்கு ஈரம் வேண்டும். பெண் பூச்சி ஈரமண்ணில் சின்னக் குழி பறித்தோ, வெடிப்பிலோ, சருகுக்கு அடியிலோ வெளிர் மஞ்சள் முட்டைகளைக் குவியலாக இடும். ஒரு குவியலில் பொதுவாக ஐம்பதிலிருந்து நூறு வரை இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிந்துவிடும். பொரிவதற்கு முன் முட்டை ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். உள்ளே இரண்டு சிவப்புக் கண்புள்ளிகள் தெரிந்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ குஞ்சு வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொரிந்த குஞ்சுகள் உடனே விதையைத் தேடி ஓடுவதில்லை. முதல் தோலோடு இருக்கும் வரை அவை விதையே தின்னாது. ஈரத்தை மட்டும் உறிஞ்சிக்கொண்டு ஒன்றாகவே கிடக்கும். அந்த நாட்களில் காலி முட்டை ஓடுகளை ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு முக்கியமான காரணம் இருக்கிறது. தாய்ப்பூச்சி முட்டையின் மேல் தன் குடல் பாக்டீரியாக்களைப் பூசி வைக்கிறது. குஞ்சு அதை உறிஞ்சித் தன் குடலுக்குள் குடியேற்றிக்கொள்கிறது. வெறும் விதையில் போதுமான அளவு கிடைக்காத பி வைட்டமின்களை அந்தப் பாக்டீரியாக்கள்தான் தயாரித்துத் தருகின்றன. ஜெர்மனியின் யேனா நகர ஆய்வுக்கூடத்தில் ஆப்பிரிக்க டிஸ்டெர்கஸ் இனத்திலும் இதே குடும்பத்து ஐரோப்பிய இனத்திலும் இதைச் சோதித்தார்கள். முட்டையின் மேற்பரப்பைச் சுத்தம் செய்துவிட்டால் குஞ்சுகள் சரியாக வளராமல் நிறையச் செத்துப் போயின. உணவில் பி வைட்டமின் கலந்து கொடுத்ததும் தேறிக்கொண்டன. தாய்ப்பால் இல்லாத ஒரு பிராணி தன் பிள்ளைக்கு இப்படியும் சீர் வைத்துவிட்டுப் போகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இரண்டாம் பருவத்திலிருந்து விதையைச் சுற்றிக் கூட்டம் கூடும். கூட்டமாகத் தின்பதில் லாபம் உண்டு. பல ஊசிகள் எச்சில் விட்டுக் கரைக்கும்போது கெட்டியான விதையும் சீக்கிரம் இளகும். அதோடு, சிவப்பு என்பது பறவைக்கும் ஓணானுக்கும் ‘வாயில் வைக்காதே’ என்ற எச்சரிக்கை. நூறு சேர்ந்து இருந்தால் அந்த எச்சரிக்கை தூரத்திலிருந்தே தெரியும்.

பருவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதுகைப் பாருங்கள். குஞ்சின் வயிற்று மேல்பக்கம் நடுவே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அவை நாற்றச் சுரப்பி திறக்கும் இடங்கள். ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகள். இறக்கை மொட்டு மூன்றாம் பருவத்தில் லேசாக எட்டிப்பார்க்கும், நான்கில் நன்றாகத் தெரியும். ஐந்தாம் பருவத்தில் கறுத்த இரண்டு மடல்களாக வயிற்றின் மேல் படிந்திருக்கும். வெயில் காலத்தில் மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்குள் குஞ்சு வளர்ந்த பூச்சி ஆகிவிடும். மார்கழிக் குளிரில் இன்னும் நாள் பிடிக்கும்.

தோல் உரிப்பதை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். பட்டை இடுக்கிலோ சருகின் அடியிலோ தலைகீழாகத் தொங்கும். முதுகில் நீளவாக்கில் ஒரு கீறல் விழும். அதன் வழியே முதலில் மார்பு பிதுங்கும், பிறகு தலை, பிறகு கால் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வரும். வெளியே வந்ததும் கால், கொம்பு எல்லாம் வெளிறி, மெழுகில் செய்தது போல இருக்கும். இறக்கையில் கறுப்பே இருக்காது. சில மணி நேரத்தில் கறுப்பு ஏறி உடம்பு கெட்டியாகும். அதுவரைக்கும் பாவம், அதற்குக் காவல் இல்லை. பசியில் இருக்கும் சொந்தக்காரர்களே குத்தி உறிஞ்சிவிடுவதும் உண்டு.

படி 5: ஜோடிகளைக் கவனிப்பது

வால்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் போவது பெரும்பாலும் பெண், உருவத்தில் பெரியது. ஆண் பின்னோக்கி நடந்து வரும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கிலும் இப்படியே இருக்கும், பெண் அந்த நிலையிலேயே விதையும் தின்னும். இவ்வளவு நேரம் ஒட்டியிருப்பதால் வேறு ஆண் நெருங்க முடியாது.

இறக்கை இருந்தும் இவை ஏன் நடந்துகொண்டே இருக்கின்றன என்று கேட்பார்கள். புதிதாக வளர்ந்த பூச்சி நன்றாகவே பறக்கும். விதை தீர்ந்த மரத்தை விட்டு அடுத்த மரத்துக்கு அப்படித்தான் போய்ச் சேர்கிறது. போன இடத்தில் விதை நிறையக் கிடைத்தால் பெண் பூச்சி தன் பறக்கும் தசைகளையே கரைத்து முட்டை உருவாக்கப் பயன்படுத்திக்கொள்ளும். அதன் பிறகு அது பறக்காது. இலவங்காய் வெடிப்பது வருடத்தில் சில வாரங்கள்தான், துத்தி காய்ப்பது வேறு மாதம். இப்படி அங்கங்கே வந்து வந்து தீரும் உணவைத் தேடிப் பறக்கவும், கிடைத்ததும் ஒரே இடத்தில் பெருகவும் அதற்கு இது ஒரு ஏற்பாடு. இலவமரத்தடிக் கூட்டம் இன்று ஆயிரக்கணக்கில் இருந்து, சில வாரம் கழித்துப் போனால் ஒன்றுகூட இல்லாமல் போவது இதனால்தான். யாரும் மருந்து அடிக்காமலே போய்விடும்.

படி 6: கூட்டத்துக்குள் இருக்கும் வேட்டைக்காரன்

மருந்து அடிக்கக் கை போகும்போது எல்லாரும் இதை நினைவில் வைக்க வேண்டும். அதே சிவப்புக் கூட்டத்தில், அதே பைரோகோரிடே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பூச்சி உலாவும். ஆன்டிலோகஸ் கோக்பெர்ட்டி என்று பெயர். இது விதையைத் தேடி வரவில்லை. டிஸ்டெர்கஸ் பூச்சிகளைத்தான் குத்தி உறிஞ்சிச் சாப்பிடுகிறது. செடி உறிஞ்சும் குடும்பத்தில் பிறந்து சொந்தங்களையே வேட்டையாடும் இனம்.

இரண்டையும் பிரிப்பது எளிது. ஆன்டிலோகஸ் இறக்கையின் சிவப்புப் பகுதியில் கறுப்புப் புள்ளி இல்லை. வயிற்றின் அடியில் வெள்ளைப் பட்டையும் இல்லை. நடையும் வேறு. விதை தின்னும் பூச்சி பொழுதுபோகாதது போல அலையும். இது கொம்பை நீட்டிக்கொண்டு நேராக ஒரு இரையைக் குறிவைத்துப் போகும். ஒரு சிவப்புப் பூச்சி இன்னொரு சிவப்புப் பூச்சியின் மேல் ஏறி, குழலை அதன் உடம்பில் இறக்கி நின்றால் அதை இனச்சேர்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லிப் பூச்சிகள் என்கிற இன்னொரு வகை நாவாய்ப்பூச்சிகளும் இந்தக் கூட்டத்தைத் தேடி வரும். அவற்றின் குழல் வளைந்து தடித்திருக்கும்.

மரத்தடியில் மருந்து விழுந்தால் முதலில் காலியாவது எண்ணிக்கையில் குறைந்த இந்த வேட்டைக்காரர்கள்தான். விதை தின்பவை அடுத்த மரத்திலிருந்து பறந்து வந்து மறுபடி பெருகிவிடும்.

படி 7: வீட்டில் வளர்த்துப் பார்ப்பது

பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் இந்தப் படியை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ஒன்றிரண்டு மாதத்துக்குள் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை முழு வாழ்க்கையையும் கண்ணால் பார்த்துவிடலாம். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

வாயகன்ற கண்ணாடி ஜாடி அல்லது பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் இரண்டு விரல் உயரம் கழுவிய ஆற்று மணலைப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்துங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. ஏறி இறங்க ஒரு காய்ந்த குச்சியும் நாலு சருகும் போடுங்கள். வாயை மெல்லிய வேட்டித் துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். சாப்பாட்டுக்கு மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும் பருத்திக்கொட்டை போதும், ராத்திரி ஊறப்போட்டு வடித்துப் போட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். மருந்து கலந்து விற்கும் விதைப்பருத்தியை மட்டும் போட்டுவிடாதீர்கள். குடிக்கத் தண்ணீர் தனியாக வேண்டும். சின்ன மூடியில் நனைத்த பஞ்சு வைத்தால் சரி.

ஒட்டிக்கொண்டிருக்கும் ஜோடிகள் நாலைந்தைப் பிடித்து விடுங்கள். ஆன்டிலோகஸ் ஒன்று கலந்துவிட்டால் ஒரு வாரத்தில் ஜாடி காலி, அதனால் படி 2-ஐயும் படி 6-ஐயும் முடித்த பிறகே விடுங்கள். சித்திரை, வைகாசியில் நம் ஊர்ச் சூடு நாற்பது டிகிரியைத் தாண்டும்போது ஜாடியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலில் வையுங்கள். ஜன்னல் வெயில் பட்டால் ஒரே மத்தியானத்தில் எல்லாம் போய்விடும்.

ஜாடிக்குள் டிஷ்யூ பேப்பர், பேப்பர் டவல் போட வேண்டாம். அதன் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1964-இல் கரெல் ஸ்லாமா என்ற செக் விஞ்ஞானி, ஐரோப்பாவில் உள்ள இதே குடும்பத்துப் பூச்சிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பிராகில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே ஐந்தாம் பருவத்தைத் தாண்டியும் வளர்ந்த பூச்சியாக மாறவில்லை. ஆறாவது குஞ்சாக, ஏழாவது குஞ்சாக உடம்பு மட்டும் பெருத்துச் செத்தன. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் காரணம் ஜாடியில் விரித்திருந்த காகிதம் என்று தெரிந்தது. அமெரிக்கக் காகிதத்துக்கு அரைக்கும் பால்சம் ஃபிர் மரத்தில், பூச்சியைக் குஞ்சாகவே வைத்திருக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஒரு பொருள் இருந்தது. நம் நாட்டுச் சிவப்புப் பருத்திப் பூச்சியிலும் அது வேலை செய்வதைக் கே. என். சக்சேனாவும் வில்லியம்ஸும் 1966-இல் காட்டினார்கள். மற்றப் பூச்சிகளை விட்டுவிட்டு இந்தக் குடும்பத்தை மட்டும் அந்தப் பொருள் பாதித்தது. ஒரு குறிப்பிட்ட பூச்சியை மட்டும் தடுக்கும் ஹார்மோன் மருந்து சாத்தியம் என்ற எண்ணத்துக்கு இந்தச் சம்பவம் பெரிய பலம் கொடுத்தது.

இந்தக் குடும்பம் அறிவியலுக்குக் கொடுத்தது இது மட்டும் இல்லை. ஹெர்மன் ஹென்கிங் என்ற ஜெர்மானியர் 1891-இல் எக்ஸ் குரோமோசோமை முதன்முதலில் கவனித்ததும் இதே குடும்பத்து ஐரோப்பியப் பூச்சியின் விந்தணுக்களில்தான். உயிரியல் பாடத்தில் எக்ஸ், ஒய் படிக்கும் பிள்ளைகளிடம் ஜாடியைக் காட்டி இதைச் சொல்லிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் பிடித்த மரத்தடியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

படி 8: தோட்டத்தில் வந்தால் என்ன செய்வது

பூவரசு, இலவு, துத்தி அடியில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கறிக்கு விற்கும் வெண்டையிலும் பெரிய நஷ்டம் இல்லை. விதை முற்றுவதற்குள் பிஞ்சாகவே பறித்துவிடுகிறோம். விதைக்கு விட்ட வெண்டை, புளிச்சக்கீரை, வெடிக்கத் தொடங்கிய பருத்தி, இந்த மூன்றில்தான் கை வைக்க வேண்டும்.

காலையில் பனி இருக்கும்போது பூச்சி மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர் உள்ள பக்கெட்டைச் செடிக்கு அடியில் பிடித்துக் காயைத் தட்டினால் கொத்தாக விழும். ஊறவைத்த பருத்திக்கொட்டையை வரப்போரம் அங்கங்கே குவித்து, மேலே ஈரச் சாக்கு போட்டு வைத்தால், பூச்சி தானே வந்து சேரும். மறுநாள் காலையில் சாக்கைத் தூக்கி அள்ளிவிடலாம். குவித்துவிட்டு மறந்துபோனால் நாமே பந்தி வைத்தது போல ஆகிவிடும், அதனால் தினமும் பார்க்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். வெடித்த பருத்தியைச் செடியில் விடாமல் உடனுக்குடன் எடுப்பதும், அறுவடை முடிந்ததும் உழுது முட்டைகளை வெயிலில் காட்டுவதும் பழைய முறைகள், இன்றைக்கும் பலிப்பவை.

குஞ்சுகள் மிகுந்துவிட்டால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். லிட்டருக்கு ஐம்பது கிராம் என்ற கணக்கில் வேப்பம்பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதிச் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் அடியுங்கள். இது குஞ்சுகள் தோல் உரிப்பதைக் கெடுக்கும். வளர்ந்த பூச்சி உடனே விழுந்து சாகாது, அதைப் பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். நாலைந்து நாள் கழித்துக் குஞ்சுகளை எண்ணிப் பாருங்கள்.

படி 9: எழுதி வைப்பது

ஒரு நோட்டு போதும். தேதி, இடம், எந்தச் செடி, காய் எந்த நிலையில் இருக்கிறது, குஞ்சு எத்தனை, வளர்ந்தது எத்தனை, ஜோடி எத்தனை, வேட்டைக்காரன் இருந்ததா. எல்லாவற்றையும் எண்ண முடியாவிட்டால் ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம் உள்ள தரையை மட்டும் குச்சியால் கோடு போட்டு எண்ணுங்கள், ஒவ்வொரு முறையும் அதே அளவு. ஒரே மரத்தை வாரம் ஒருமுறை பார்ப்பது, பத்து மரத்தை ஒருமுறை பார்ப்பதை விடப் பயனுள்ளது.

மரத்தடியில் இப்படி உட்கார்ந்தால், “இன்னா கண்ணு, மரத்தாண்ட குந்திக்கினு இன்னா பாக்குற?” என்று போகிற வருகிற பெரியவர்கள் கேட்பார்கள். கூச்சப்படாமல் கைலென்ஸை அவர்களிடம் கொடுங்கள். எந்த வருடம் இலவு அதிகம் காய்த்தது, பூச்சி எப்போது வந்தது, முன்பு எந்தக் கொல்லையில் பருத்தி போட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அதையும் அதே நோட்டில், அவர்கள் சொன்னது என்று குறித்து எழுதிக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுத்தால் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, செடியின் இலையும் காயும் தெரிய ஒன்று, ஆக மூன்று. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் வேறு ஊர்க்காரர்களும் பார்த்து இனத்தைச் சரிசொல்வார்கள். இந்தியப் பதிவுகளில் டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ், அதற்கு நெருங்கிய இனமான டிஸ்டெர்கஸ் கோனிகி என்ற இரண்டு பெயர்களும் ஒன்றுக்கொன்று மாறி வருவதுண்டு. சந்தேகம் இருந்தால் டிஸ்டெர்கஸ் என்று மட்டும் போட்டு நிறுத்துங்கள். இலவங்காய் வெடிக்கும் முன்பே, மாசியிலிருந்து பதிவு தொடங்கினால் முதல் பூச்சி என்றைக்கு வந்து இறங்கியது என்பதும் கிடைத்துவிடும்.